ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ, கூடவே விளையாட்டுக் கணிப்பு: பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

இர்விங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில், டல்லாஸுக்கு அருகே வசிக்கிறேன். என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஓர் இணையதளத்தின் ரெஃபரல் லிங்க்கை அனுப்பியிருக்கிறார். ஸ்லாட், பிளாக்ஜாக் போன்ற கேசினோ விளையாட்டுகளும், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து), என்பிஏ (கூடைப்பந்து), கோடையில் மேஜர் லீக் கிரிக்கெட் என்று போட்டிகளின் முடிவைக் கணிக்கும் பகுதியும் அதில் ஒரே கணக்கின் கீழ் இருக்கின்றன. டெக்சஸில் விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தங்களுடையது பந்தயமே அல்ல, 'சோஷியல்' கணிப்பு என்று அந்தத் தளம் சொல்கிறது. டெக்சஸ் முகவரியை ஏற்றுக்கொண்டு கணக்கும் தொடங்க விடுகிறது.

நான் புரிந்துகொண்ட வரையில், அங்கே இரண்டு வகை நாணயங்கள் புழங்குகின்றன. கோல்டு காயினுக்குப் பண மதிப்பு கிடையாது. பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்படும். 20 டாலருக்கு ஒரு கோல்டு காயின் பேக் வாங்கினால், அதனுடன் 20 ஸ்வீப்ஸ் காயின் இலவசமாகத் தருகிறார்கள். ஸ்வீப்ஸ் காயினை ஒரு முறையாவது விளையாட்டில் வைத்தாக வேண்டும்; அப்படி வைத்து வென்றது 100 காயினை எட்டினால், காயினுக்கு ஒரு டாலர் வீதம் வங்கிக் கணக்குக்கு ரிடீம் செய்துகொள்ளலாம். பணம் கட்டாமல், தபாலில் விண்ணப்பித்தும் ஸ்வீப்ஸ் காயின் பெறலாம் என்று விதிமுறைகளில் எழுதியிருக்கிறது.

இப்படிப்பட்ட தளத்தை எதை வைத்து மதிப்பிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். சூதாட்டத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் கிரிக்கெட்டை நுணுக்கமாகக் கவனிப்பவன். டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டங்களை கிராண்ட் ப்ரேரி மைதானத்துக்கே போய்ப் பார்ப்பவன் என்பதால், அந்த அறிவு கணிப்புப் பகுதியில் உதவுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நிகழ்தகவு:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் பணத்தை இழப்பது அந்த நம்பிக்கையில்தான். பந்தயம் என்று அழைத்தாலும் கணிப்பு என்று அழைத்தாலும், அதில் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத் தளம்தான் நிர்ணயிக்கிறது. எனவே ஏறத்தாழ சம பலமுள்ள இரு அணிகள் மோதும் ஒரு போட்டியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கத்துக்கும் என்ன ஆட்ஸ் (வைப்பதற்கு எவ்வளவு கிடைக்கும் என்ற விலை) காட்டுகிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்று நடக்கும் ஸ்போர்ட்ஸ்புக்குகளில் (விளையாட்டுப் பந்தய நிறுவனங்களில்), வெற்றியின் புள்ளி வித்தியாசத்தின் மீது வைக்கும் பந்தயத்துக்கு மைனஸ் 110 என்பதே வழக்கமான விலை. 110 டாலர் வைத்து வென்றால் 100 டாலர் லாபம் என்பது அதன் பொருள். அந்த விலையில் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்பதற்கே நூற்றுக்கு 52.4 கணிப்புகள் சரியாக அமைய வேண்டும். இரு பக்கமும் மைனஸ் 120 என்று காட்டும் தளத்தில் அந்த எல்லை 54.5 ஆக உயர்ந்துவிடும். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இதையே தொழிலாகச் செய்பவர்கள்கூட நீண்ட காலத்தில் 54, 55 சதவீதத்தைத் தக்கவைக்க மிகவும் பாடுபடுகிறார்கள்.

அடுத்து பார்லே, அதாவது எல்லாம் பலித்தால்தான் பணம் என்று பல கணிப்புகளை ஒன்றாகக் கட்டுவது. இத்தகைய தளங்கள் முகப்பிலேயே எடுத்துக்காட்டித் தள்ளுவது அதைத்தான். நான்கு சமவாய்ப்புக் கணிப்புகளை ஒன்றாகக் கட்டினால், அவை நான்கும் பலிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. எனவே நியாயமான தொகை வைத்ததற்குப் பதினாறு மடங்கு. மைனஸ் 110 விலையில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 13.3 மடங்கு. மைனஸ் 120 என்றால் 11.3 மடங்கு மட்டுமே. அதாவது வைக்கும் ஒவ்வொரு 100 காயினிலும் சராசரியாக 29 காயினைத் தளம் எடுத்துக்கொள்கிறது. ஸ்லாட் இயந்திரம்கூட இதைவிடத் தாராளமாகத் திருப்பித் தரும்.

ஆனால் ஸ்லாட்டையும் நல்லதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டிபி (வைத்ததில் சராசரியாகத் திரும்பி வரும் பங்கு) 95 சதவீதம் என்று அறிவித்திருந்தால், 100 காயினை ஒரு சுற்று விளையாடியபின் சராசரியாக 95 மிஞ்சும். ரிடீம் செய்வதற்கு ஒரு முறை விளையாடினால் போதும் என்ற விதி உண்மையிலேயே சலுகைதான். ஆனால் 100 காயின் என்ற குறைந்தபட்ச வரம்பை எட்டாதவர் வெளியே வர முடியாமல் மீண்டும் மீண்டும் சுழற்றுகிறார். அதே காயினைப் பத்துச் சுற்று சுழற்றினால் மிஞ்சுவது சராசரியாக 60. விதிமுறைகளில் உள்ள 'ஒரு முறை' என்ற சொல்லும், அந்த வரம்பு என்ற எண்ணும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கிரிக்கெட் அறிவு குறித்து: சிறிய லீக்குகளில் விலை நிர்ணயம் தவறாக அமைய வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆடுகளத்தை நேரில் பார்த்தவருக்கு அங்கே ஓரளவு அனுகூலம் கிடைக்கலாம். தளமும் அதை அறியும் என்பதால், அத்தகைய போட்டிகளுக்கு ஒரு கணிப்பில் வைக்கக்கூடிய தொகையைக் குறைத்துவிடும், இரு பக்க விலையையும் உங்களுக்குப் பாதகமாக்கிவிடும். எந்த நேரத்திலும் எந்தக் கணக்குக்கும் வரம்பை மாற்றும் உரிமை, வெளிப்படையான விலைப்பிழை என்று கருதினால் வென்ற கணிப்பையும் ரத்து செய்யும் உரிமை, ஒரு நாளில் தரப்படும் அதிகபட்சப் பரிசு ஆகிய மூன்றையும் விதிமுறைகளில் தேடிப் பாருங்கள். முதல் இரண்டும் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் இருக்கும். அவற்றை யார் மேற்பார்வையிடுகிறார்கள் என்பதே வேறுபாடு.

எடிசன்தமிழ்:

மேற்பார்வை என்று நண்பர் முடித்த இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே உரிமம் பெற்ற ஸ்போர்ட்ஸ்புக் வென்ற பணத்தைத் தரவில்லை என்றால், மாநிலத்தின் சூதாட்ட அமலாக்கப் பிரிவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். அவர்கள் நிறுவனத்தைப் பதில் சொல்ல வைப்பார்கள். நீங்கள் குறிப்பிடும் தளத்துக்கு டெக்சஸில் யாரும் உரிமம் தரவில்லை, தரவும் வழியில்லை. புகார் என்று வந்தால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். மேலும், கணக்குத் தொடங்கும்போதே ஆர்பிட்ரேஷன் (தகராறை நடுவரிடமே தீர்த்துக்கொள்ளும்) ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறீர்கள். அதன்படி நீதிமன்றம் போகும் உரிமையையும், மற்றவர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். பல தளங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதித் தெரிவித்தால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதிக்கின்றன. கணக்குத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய வேலை அது.

சட்ட நிலை இதுதான். அமெரிக்காவில் பரிசு, தற்செயல், பங்கேற்பதற்குக் கொடுக்கும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி அல்லது சூதாட்டம். பங்கேற்கும் விலையை நீக்கிவிட்டால் ஸ்வீப்ஸ்டேக்ஸ். மெக்டொனால்ட்ஸ் நடத்திய மோனோபொலி பரிசுத் திட்டம் அந்த அடிப்படையில்தான் நடந்தது. எதுவும் வாங்காதவரும் பங்கேற்க ஒரு வழி வைத்திருந்தார்கள். நீங்கள் பார்த்த தளத்தின் தபால் விண்ணப்பம் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு முறை முழுமையாகப் படியுங்கள். குறிப்பிட்ட அளவுள்ள வெள்ளைத் தாளில் கையால் எழுத வேண்டும், கணக்கில் உள்ள பெயரும் மின்னஞ்சலும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும், தளம் தரும் குறியீட்டையும் நீண்ட ஓர் உறுதிமொழியையும் அப்படியே எழுத வேண்டும், ஓர் உறையில் ஒரே விண்ணப்பம் என்றெல்லாம் இருக்கும். உறைக்குத் தபால்தலையும் ஒட்டி அனுப்பியபின், ஒரு சொல் விடுபட்டதென்று நிராகரிக்கலாம். அந்த வழி உண்மையிலேயே திறந்திருக்கிறதா, பெயரளவுக்கு இருக்கிறதா என்பது நிறுவனத்தின் நேர்மையை அளக்க நல்ல அளவுகோல் என்று கருதுகிறேன்.

மெக்டொனால்ட்ஸ் விற்றது பர்கர். இங்கே விற்கப்படும் கோல்டு காயினை யாரும் கோல்டு காயினுக்காக வாங்குவதில்லை. மாநிலங்கள் இதை ஏற்க மறுப்பதற்குக் காரணமும் இதுவே. 2025 மே மாதத்தில் மாண்டானா ஆளுநர் இவ்வகைத் தளங்களைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் கனெக்டிகட், ஆகஸ்டில் எங்கள் நியூ ஜெர்சி, அக்டோபரில் கலிபோர்னியா, டிசம்பரில் நியூயார்க் என்று அந்த ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. கலிபோர்னியாவின் ஏபி 831 சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தளத்தை நடத்துபவரோடு, தெரிந்தே அதற்குப் பணப் பரிமாற்றம், மென்பொருள், விளம்பரம் ஆகியவற்றில் துணைபோகிறவரையும் அது பொறுப்பாக்குகிறது. நியூயார்க்கில் சட்டம் வருவதற்கு முன்பே, ஜூன் மாதத்தில் அட்டர்னி ஜெனரல் லெடிஷியா ஜேம்ஸ் 26 தளங்களை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் நிலைமை இன்னும் பழையது. பணமாக மாற்றவே முடியாத பிக் ஃபிஷ் கேசினோவின் சில்லுகளைக்கூட அம்மாநிலச் சட்டப்படி மதிப்புள்ள பொருள், எனவே அது சூதாட்டமே என்று 2018-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. விதிமுறைகளில் 'விலக்கப்பட்ட மாநிலங்கள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வாஷிங்டன், மாண்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா எல்லாம் அதில் இருக்கின்றனவா? இருந்தால், சட்டத்தைக் கவனித்து நடக்கும் வழக்கறிஞர்கள் அந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தடை வந்துவிட்ட மாநிலத்தவரிடமிருந்தும் இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் தளம், உங்களிடம் சொன்ன வாக்கை மட்டும் காப்பாற்றும் என்று நம்புவதற்கு இடமில்லை. நான் சொன்ன பட்டியலில் டெக்சஸ் இல்லை. ஆனால் அது அனுமதி ஆகிவிடாது. அங்கே யாரும் அந்தத் தளத்தைச் சரிபார்க்கவில்லை என்பதுதான் நிலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாநிலத்தில் சட்டம் வந்தபோது நான் கணக்கு வைத்திருந்த ஒரு தளம், குறிப்பிட்ட தேதிக்குள் ஸ்வீப்ஸ் காயினை ரிடீம் செய்துகொள்ளும்படி மின்னஞ்சல் அனுப்பியது. அதுவரை என் அடையாளத்தை அவர்கள் கேட்டதே இல்லை. அப்போதுதான் ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று, வங்கி அறிக்கை, கையில் தாளோடு எடுத்த புகைப்படம் என்று வரிசையாகக் கேட்டார்கள். உரிமத்தில் என் தந்தையின் பெயர் கடைசிப் பெயராகவும், வங்கியில் என் பெயரோடு சேர்ந்த முதலெழுத்தாகவும் இருந்ததால் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டது. நம்மவர்களில் பலருக்கும் பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் பெயர் இப்படித்தான் மாறி நிற்கிறது. எனவே ஒரு டாலர்கூடக் கட்டுவதற்கு முன்பே, கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பை முடித்துத் தரும்படி நீங்களே கேளுங்கள். பணம் எடுக்கும்போதுதான் சரிபார்ப்போம் என்று பதில் வந்தால், அந்தத் தளத்தை விட்டு விலகுவதே நல்லது.

வரிப்படிவம்:

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். வென்ற தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது வருமானமே. படிவம் வந்தால்தான் காட்ட வேண்டும் என்பது தவறான எண்ணம். இத்தகைய தளங்கள் தங்களைச் சூதாட்டமாகக் கருதாததால், பெரும்பாலும் வரித்துறைக்கு அனுப்பும் 1099-மிஸ்க் படிவத்தில் பரிசு வருமானமாகக் காட்டுகின்றன. 2025 வரை அந்தப் படிவத்துக்கான வரம்பு 600 டாலர். 2026 முதல் 2,000 டாலர். பரிசு வருமானமாக அறிவிக்கப்பட்ட தொகைக்கு எதிராக, வாங்கிய காயினில் இழந்ததைக் கழித்துக் காட்டுவது எளிதல்ல. சூதாட்ட இழப்பாகவே ஏற்கப்பட்டாலும், ஐட்டமைஸ் செய்பவருக்கு (நிலையான கழிவை எடுக்காமல் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவருக்கு) மட்டுமே அது பயன்படும். அதுவும் 2025-இல் நிறைவேறிய வரிச்சட்டத்தின்படி 2026 முதல் இழப்பில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். ஆண்டு முழுவதும் 10,000 டாலர் வென்று 10,000 டாலர் இழந்தவர், கையில் ஒன்றுமில்லாமலே 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.

எஃப்-1 விசாவில் வந்து முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்கும் மாணவர்கள் பெரும்பாலும் வரிக்கு நான்-ரெசிடெண்ட் (அமெரிக்கவாசி அல்லாதவர்) என்ற நிலையில் இருப்பார்கள். அவர்களுக்கு இத்தகைய பரிசுக்குப் பொதுவாக 30 சதவீத வரி. இழப்பைக் கழிக்கவும் முடியாது. இதைப் படிக்கும் மாணவர்கள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம்.

சான்ஹோசேவாசி:

கணிப்புப் பகுதியில் உள்ள 'சமூக' வசதியைப் பற்றியும் எழுத வேண்டும். மற்றவர்களின் கணிப்புகளைப் பார்த்து அப்படியே பின்பற்றலாம், லீடர்போர்டில் இடம் பிடிக்கலாம், நண்பர்களோடு குழு அமைக்கலாம் என்பதெல்லாம் இனிமையான ஏற்பாடுகள். ஆனால் அந்தப் பகிர்வுகளில் யார் கண்ணிலும் படுவது வென்ற கணிப்புகளே. தோற்றதை யாரும் பகிர்வதில்லை, தளமும் எடுத்துக்காட்டுவதில்லை. லீடர்போர்டு மொத்தமாக வென்ற தொகையை வைத்து வரிசைப்படுத்துகிறதா, வைத்த தொகைக்கு எவ்வளவு திரும்பியது என்பதை வைத்து வரிசைப்படுத்துகிறதா என்று பாருங்கள். முதல் வகையென்றால், அதிகமாக வைத்தவரே மேலே நிற்பார்.

உங்கள் நண்பர் அனுப்பிய லிங்க்கின் நிபந்தனையையும் படியுங்கள். நீங்கள் கணக்குத் தொடங்கினால் மட்டும் அவருக்குக் காயின் கிடைக்கிறதா, அல்லது நீங்கள் குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால்தானா? பொதுவாக இரண்டாவதுதான். நண்பரின் எண்ணத்தில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இத்தகைய லிங்க்குகள் பரவும்போது, அனுப்பியவருக்கு அதில் வருமானம் உண்டு என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று: உரிமம் பெற்ற இடங்களில், தன்னைத் தடுத்துவைக்கும்படி ஒருவர் மாநிலப் பட்டியலில் பெயர் கொடுத்தால், அம்மாநிலத்தில் உள்ள எந்தத் தளமும் அவரை அனுமதிக்கக் கூடாது. அந்தப் பட்டியல்கள் ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சூதாட்டத்திலிருந்து மீண்டு வந்த ஒருவர் வீட்டில் இருந்தால், இத்தகைய தளத்தைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதும்.

இர்விங்வாசி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்பிஏ போட்டிகளில் புள்ளி வித்தியாசத்துக்கு இரு பக்கமும் மைனஸ் 120 காட்டுகிறார்கள். கிரிக்கெட்டில் இன்னும் மோசம்; இரண்டு அணிகளுக்கும் மைனஸ் 130 போட்டிருந்த ஓர் ஆட்டத்தைக் கண்டேன். விலக்கப்பட்ட மாநிலங்களில் வாஷிங்டனும் நியூயார்க்கும் இருக்கின்றன. மாண்டானாவும் கனெக்டிகட்டும் இல்லை. முன்கூட்டியே கேஒய்சி முடித்துத் தரக் கேட்டதற்கு, முதல் ரிடீம் விண்ணப்பத்துக்குப் பிறகே அது தொடங்கும் என்று வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தது. ரெஃபரல் காயினும் நான் வாங்கினால்தான் நண்பருக்குச் சேரும்.

எனவே பணம் கட்டப்போவதில்லை. ஏற்கெனவே கணக்குத் தொடங்கும்போது பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டேன். அவற்றை நீக்கச் சொல்ல வழி உண்டா?

எடிசன்தமிழ்:

மைனஸ் 130 என்றால் 56.5 சதவீதம் சரியாகக் கணித்தால்தான் முதலே தேறும். அங்கே எந்தக் கிரிக்கெட் அறிவும் எடுபடாது. சட்டம் வந்த இரண்டு மாநிலங்கள் விலக்குப் பட்டியலில் இல்லாததே என்னைப் பொறுத்தவரை முடிவான காரணம்.

தரவை நீக்க வழி உண்டு. டெக்சஸின் தரவுத் தனியுரிமைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் அது பொருந்தாது, ஆனால் மற்றவை நீங்கள் கேட்டால் உங்கள் தனிப்பட்ட தரவை நீக்கியாக வேண்டும். அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையில் அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியோ படிவமோ இருக்கும். முதலில் கணக்கை மூடும்படி எழுதுங்கள். மூடிவிட்டதாகப் பதில் வந்தபின், அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு நீக்கல் கோரிக்கையைத் தனியாக அனுப்புங்கள். 45 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யும் வழியையும் அவர்களே தெரிவிக்க வேண்டும். அதற்கும் பயனில்லை என்றால், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். இரண்டு கடிதங்களின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.